குண்டுக்கு ஆழம் எப்படித் தெரிகிறது?

"தண்ணீருக்குள் போடும் குண்டுக்கு எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிணற்றில் முங்கு நீச்சல் போட்டவர்களுக்குப் பாதி விடை தெரியும். கீழே போகப் போகக் காது வலிக்கும். மீதி விடைக்கு 1942 மே 31 இரவு, சிட்னி துறைமுகம் வரை போய்வருவோம்.

அன்று மூன்று ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் உள்ளே புகுந்தன. காவலுக்கு நின்றவற்றில் லொலிடா, ஸீ மிஸ்ட், ஸ்டெடி ஹவர், யரோமா ஆகியவை வசதியானவர்கள் உல்லாசமாகச் சுற்றிவர வைத்திருந்த மோட்டார் படகுகள். போர் வந்ததும் ஆஸ்திரேலியக் கடற்படை அவற்றை எடுத்துக்கொண்டது. இயந்திரத் துப்பாக்கியும், வாசகர் கேட்ட அந்தத் தண்ணீருக்குள் வெடிக்கும் 'டெப்த் சார்ஜ்' குண்டுகளும் ஏற்றி ரோந்துக்கு விட்டது. 'ஹாலிவுட் கடற்படை' என்று அவற்றுக்குப் பட்டப்பெயரும் வந்தது.

சரி, குண்டுக்கு வருவோம். அதன் நடுவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. சிறு துளை வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து அதை அழுத்தும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் 'இன்னும் இல்லை' என்று தள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். 15 மீட்டர் ஆழத்தில் ஒரு விரல் நகத்தின் பரப்பில் ஒன்றரைக் கிலோ! குறித்த ஆழம் வந்ததும் ஸ்பிரிங் தோற்கும், ஊசி விடுபடும், குண்டு வெடிக்கும். பேட்டரி இல்லை, கடிகாரம் இல்லை. கடலே விசையை இழுக்கிறது. எனக்கு இதைவிட அழகான கருவி தெரியாது.  

ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு நீர்மூழ்கி தெரியாது, ஆழம் மட்டுமே தெரியும். நீர்மூழ்கிகளைத் தடுக்கத் துறைமுகத்தில் போட்டிருந்த வலையில் சிக்கிய முதல் நீர்மூழ்கி மீது லொலிடா போட்ட குண்டுகள் வெடிக்கவே இல்லை. அங்கே ஆழம் போதவில்லை.

விடியற்காலையில் அதே துறைமுகத்தின் டெய்லர்ஸ் விரிகுடாவில் இதற்கு நேர்மாறு. ஸீ மிஸ்ட்டின் குண்டுகள் 15 மீட்டருக்கு வைக்கப்பட்டிருந்தன. நொடிக்கு 3 மீட்டர் வீதம் மூழ்கினால் தப்பிக்க 5 நொடிதான். படகு 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கி.மீ.) வேகத்தில் ஓடினால்கூட அதற்குள் 25 மீட்டர்தான் விலக முடியும். தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. அதிர்ச்சி அலை அதில் நொடிக்கு 1,500 மீட்டருக்குக் குறையாமல் பாயும். முதல் குண்டில் நீர்மூழ்கி தலைகீழாக மேலே வந்து மறுபடி மூழ்கியது. அடுத்ததில் ஸீ மிஸ்ட்டின் இரண்டு எஞ்சின்களில் ஒன்று கெட்டது.

அப்புறம் ஸ்டெடி ஹவரும் யரோமாவும் அதே இடத்தில் மூன்றரை மணி நேரம் சுற்றிச்சுற்றி 17 குண்டுகளைப் போட்டன.