அகற்றிய கருவி எங்கே போனது?

காது கேளாத குழந்தைக்கு ஒலியைக் கேட்க வைக்க அறுவை சிகிச்சையில் பொருத்தும் காக்ளியர் கருவி பழுதாகி, அதற்கு இரண்டாம் முறை அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் பெற்றோர் பெரும்பாலும் வழக்கறிஞரிடம் வருகிறார்கள். ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், பேச்சுப் பயிற்சி ரசீதுகள் என்று தடித்த கோப்பு ஒன்று கையில் இருக்கும். நான் முதலில் கேட்பது அதில் இல்லாத ஒன்றைப் பற்றி: தலையிலிருந்து எடுத்த பழைய கருவி இப்போது யாரிடம் இருக்கிறது? "கம்பெனிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் சார்" என்பார்கள். வாரண்டியில் புதுக் கருவியை இலவசமாகக் கொடுத்தவர்களைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாதுதான். ஆனால் வழக்கின் முதல் சாட்சி அந்தப் பெட்டியோடு போய்விட்டது.

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பொருத்தப்படும் இந்தக் கருவிக்கு ஈரம்தான் எமன். 2011 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனம் தன் நியூக்ளியஸ் சிஐ500 வரிசையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோக இணைப்பைப் பற்றவைக்கும் கட்டத்தில் நேர்ந்த மாறுபாட்டால் நுண்ணிய விரிசல்கள் விழுந்து, ஈரம் உள்ளே போயிருந்தது. 2020 பிப்ரவரியில் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் நிறுவனம் ஹைரெஸ் அல்ட்ரா, அல்ட்ரா 3டி கருவிகளின் முதல் பதிப்பைச் சந்தையிலிருந்து எடுத்தது. அங்கே எலெக்ட்ரோடு பகுதியில் உடல் திரவம் புகுந்து, சிலருக்குக் கேட்கும் திறன் குறைந்தது.

இரண்டு முறையும் திரும்பப் போனவை இன்னும் யாருக்கும் பொருத்தப்படாத கருவிகள். ஏற்கெனவே குழந்தையின் தலைக்குள் இருப்பது நன்றாக வேலை செய்தால் அதை எடுக்கச் சொல்வதில்லை, கண்காணிக்கச் சொல்வார்கள். செய்தியைப் பார்த்த பயத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒலி மங்குகிறது என்று சொல்லத் தெரியாது. காதில் மாட்டும் வெளிப்புறக் கருவியை மாட்ட அடம்பிடிக்கும், கற்ற சொற்களை விடும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. "வீட்டில் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை" என்று பழி தாயின் தலையில் விழும். இந்தப் பழியைச் சுமந்தே பல மாதங்களைத் தொலைக்கிறார்கள். சந்தேகம் வந்த அன்றே ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத் திறன் நிபுணர்) கருவியின் மின்தடை அளவீடு எடுக்கச் சொல்லி, முந்தைய மேப்பிங் (குழந்தைக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்த) பதிவுகளோடு சேர்த்து நகல் வாங்குங்கள். எப்போது சரிவு தொடங்கியது என்பதை இந்த எண்கள் காட்டிவிடும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை எங்கள் துறையில் அடிக்கடி பேசுவோம். அட்வான்ஸ்டு பயோனிக்ஸின் முந்தைய மாடலான ஹைரெஸ் 90கே 2006-லேயே திரும்பப் பெறப்பட்டது. மின்கம்பிகள் உறைக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் பாகத்தைப் புதிய சப்ளையரிடம் வாங்கிய நிறுவனம், அதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை. 2008-ல் 11 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தப் பாகம் இருந்த கருவியை நான்கு வயதில் பொருத்திக்கொண்ட கென்டக்கி சிறுமி ஒருத்திக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கருவி பழுதாகி மின் அதிர்ச்சி ஏற்பட்டது. 2013-ல் லூயிவில் நகர ஜூரி 70 லட்சம் டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது.

கடும் சோதனைக்குப் பின் மத்திய அரசு அனுமதித்த கருவிகளின் மீது மாநிலச் சட்டப்படி வழக்குப் போடுவது அங்கே எளிதல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு தீர்ப்பு அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடிவிட்டது. அனுமதித்தபடி கருவியைச் செய்யவில்லை என்று காட்டியதால்தான் இந்தக் குடும்பத்துக்கு வழி கிடைத்தது.

நம் நாட்டில் அந்தத் தடை இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கருவி கையில் இல்லாவிட்டால் அனுப்ப என்ன இருக்கிறது? அதற்காக நிறுவனத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழுதின் காரணத்தை அவர்களின் ஆய்வகத்தில்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள்: சீரியல் எண் தெரியும்படி படம் எடுக்க வேண்டும், யார் எப்போது பெற்றார் என்ற ரசீது வேண்டும், ஆய்வறிக்கையின் நகல் எங்களுக்கும் வர வேண்டும், ஆய்வுக்குப் பின் கருவியை அழிக்கக் கூடாது. முதல் அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிய கருவியின் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.

நிறுவனத் தரப்பின் வழக்கமான வாதம் ஒன்று உண்டு. நிபுணரின் மேற்பார்வையில் பயன்படும் பொருள் என்றால், அந்த நிபுணருக்கு எச்சரிக்கை கொடுத்தாலே போதும் என்று அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே எச்சரிக்கைக் கடிதம் மருத்துவமனைக்கு என்றைக்கு வந்தது, பெற்றோருக்கு என்றைக்குச் சொன்னார்கள் என்பதைத் துருவ வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்தியவர்கள், "நாங்கள் காசே கொடுக்கவில்லையே" என்று தயங்குகிறார்கள். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றால் அது இலவசச் சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே கூறியிருக்கிறது. எதிர்த்தரப்பு வாதாடும், வாதாடட்டும்.

எவ்வளவு கேட்பது? எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்து, உரிய காலத்தில் கண் பரிசோதனை நடக்காததால் பார்வை இழந்த குறைமாதக் குழந்தைக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கியது. அது கருவி வழக்கல்ல. ஆனால் எதிர்காலச் செலவை விலைவாசி உயர்வோடு கணக்கிட்ட முறை நமக்கு உதவும். மறு அறுவை சிகிச்சையை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். மொழி படியும் வயதில் இழந்த மாதங்கள், கூடுதல் பேச்சுப் பயிற்சி, வேலையை விட்ட தாயின் வருமானம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

வழக்கு வேண்டாம் என்பவர்களும் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை. வழக்கு என்றால் இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். புதுக் கருவியோடு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாள் நீட்டப்பட்டால், கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். மைனர் குழந்தையின் உரிமையைப் பெற்றோர் ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்தது செல்லுமா என்பது நீதிமன்றத்தில் கேட்கத் தகுந்த கேள்வி.