லக்சுரி: சொகுசா, ஆடம்பரமா?

மவுஸ், கீபோர்டு, லேப்டாப் உறை, சார்ஜர் கேபிள், எதுவாக இருந்தாலும் சரி, பெட்டியின் மேல் 'லக்சுரி' என்ற சொல் ஏறிவிட்டால் விலை எங்கேயோ போய்விடுகிறது. இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் சிலர் ஆடம்பரம் என்கிறார்கள், சிலர் சொகுசு என்கிறார்கள், எல்லாம் ஒன்றுதானே என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு. கணினிக்கு வாங்கும் பொருள் அந்த விலைக்குத் தகுமா என்று பார்க்கும்போது இந்த வேறுபாடு நிஜமாகவே கைகொடுக்கும்.

முதலில் மூலம். லத்தீனில் 'லக்சுஸ்' என்றால் மிகை, அளவு மீறியது. அதிலிருந்து வந்த 'லக்சுரியா' தேவைக்கு மேல் வாரி இறைத்து வாழ்வதைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவர்கள் ஏழு பெரும் பாவங்களைப் பட்டியல் போட்டபோது காமத்துக்குக் கொடுத்த பெயரும் இதுதான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தக் கெட்ட பெயரோடுதான்; விலை உயர்ந்த, இதமான பொருள் என்ற இன்றைய அர்த்தம் 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆடம்பரம் வடசொல். சமஸ்கிருதத்தில் அது ஒருவகை முரசு, அந்த முரசின் முழக்கம், யானையின் பிளிறலும்கூட. நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று எழுப்பும் ஓசை, நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று செய்யும் செலவாக மாறியிருக்கிறது. இதற்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் 'பகட்டு' இருக்கிறது, பகட்டுதல் என்றால் மினுக்கிக் காட்டி மயக்குதல் என்றும் பொருள் உண்டு. சொகுசு அப்படியில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு என்றால் அழகு, நயம். தமிழில் அது உடம்புக்கு இதமான வசதியைக் குறிக்கிறது. யாருமே இல்லாத அறையிலும் சொகுசை அனுபவிக்கலாம், ஆடம்பரத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 1830இல் தொடங்கிய வெள்ளிப் பாத்திர நிறுவனம் பாரிஸின் கிறிஸ்தோஃப்ல். 2014இல், ஹார்டு டிஸ்க் விற்கும் லாசி நிறுவனம் அதோடு சேர்ந்து ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது: வெள்ளி முலாம் பூசிய பளபளப்பான உருண்டை, விலை 490 டாலர். உள்ளே இருந்தது 1 டெராபைட் வட்டு, யுஎஸ்பி 3.0 இணைப்பு. அதே கொள்ளளவு கொண்ட சாதாரண ஹார்டு டிஸ்க் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளி வேலை பொய்யில்லை, அதற்குக் கூலி உண்டு. ஆனால் கோப்பு ஒரு நொடிகூட முன்னதாகப் பதிவாகாது, வட்டு ஒரு நாள்கூட அதிகம் உழைக்காது. விலை உயர்ந்த பொருள்களுக்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம் தலைமுறை தாண்டி நிற்கும் என்பது. நல்ல கைக்கடிகாரத்துக்கு அது பொருந்தும். கணினிப் பொருளில் மேலே உள்ள ஓடு நிற்கும், உள்ளே இருக்கும் வட்டு தேய்ந்துபோகும், சொருகும் இணைப்பே சில ஆண்டுகளில் மாறிவிடும்.

பல நேரம் பெட்டியில் பெயர் இருக்கும் அந்தப் பெரிய நிறுவனம் பொருளைச் செய்வதுகூட இல்லை. ஃபெராரி என்ற கார் பெயரில் லேப்டாப் விட்டது ஏசர், லம்போர்கினி என்ற கார் பெயரில் விட்டது ஆசுஸ்; இரண்டும் கணினி நிறுவனங்கள். பெயரைப் போட்டுக்கொள்ள உரிமம் வாங்குகிறார்கள், அந்தச் செலவும் நாம் கொடுக்கும் விலைக்குள்தான் வருகிறது.

கேபிளில் இது இன்னும் மோசம். பின்னல் உறை, தங்க நிற முனை எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கேட்க வேண்டியது வேறு: எத்தனை வாட் தாங்கும், தரவு என்ன வேகத்தில் போகும்? யுஎஸ்பி சி கேபிளில் 60 வாட்டும் உண்டு, 240 வாட்டும் உண்டு. சில அழகான கேபிள்கள் நன்றாகச் சார்ஜ் ஏற்றும், கோப்பு அனுப்பும்போது மட்டும் பழைய யுஎஸ்பி 2.0 வேகமான நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது. முனை ஒரே மாதிரி இருப்பதால் வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காக விலை கூடியதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவருக்கு நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு நிஜமான சொகுசு: ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், விசையின் மேல் மூடி பிபிடி என்ற பிளாஸ்டிக் என்றால், ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் மாதிரிச் சீக்கிரம் வழவழத்துப் போகாது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. 2019இல் ஆப்பிள் தன் மானிட்டருக்கு அறிவித்த தாங்கி தனியாக 999 டாலர். உயரம் மாறும், சாயும், திரையை நெட்டுக்குத்தாகவும் திருப்பலாம், கழுத்துக்கு நல்லதுதான். ஆனால் பின்பக்கம் வெசா துளை (தாங்கி மாட்டுவதற்கான பொதுத் தர அளவுத் துளை) உள்ள எந்த மானிட்டருக்கும் இதையெல்லாம் செய்கிற தாங்கி அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. மிச்சம் பிராண்டுக்கு.

பிராண்டு என்பதன் ஆதிப் பொருள் நெருப்பு, எரிகிற கட்டை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கும் மரப்பீப்பாய்க்கும் சூடு போட்டு உரிமை காட்டியதிலிருந்து வணிக அடையாளமாயிற்று. தமிழின் 'பொறி'யும் அப்படியே, தீப்பொறியும் அதுதான், முத்திரையும் அதுதான். துறைமுகச் சரக்குக்குச் சோழர் புலி பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அழகான சொல்தான், ஆனால் இன்று பொறி என்றால் எந்திரம் நினைவுக்கு வருவதால் 'வணிகப்பெயர்' என்று எழுதுவதே குழப்பமில்லாதது.

ஆக்சசரிக்குத் 'துணைப்பொருள்' போதும். பெயருக்காகவே விலை ஏறியதை 'ஆடம்பர வணிகப்பெயர்த் துணைப்பொருள்' என்றே எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை. சொகுசு என்ற சொல்லைக் கைக்கும் கண்ணுக்கும் முதுகுக்கும் இதம் தருகிற கீபோர்டு, மவுஸ், நாற்காலிக்கு வைத்துக்கொள்ளலாம்.