டெட்ரிஸ் ஆடும் கை ஏன் நிற்பதில்லை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தொண்டி என்று விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். வலையையும் இன்ஜினையும் பார்த்த நேரம் போக மிச்சப் பொழுது செல்போனுக்குத்தான். 2025-ல் தடை வரும்வரை, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி காசைத் தின்றது. டெட்ரிஸ் வகைக் கட்டை விளையாட்டு காசைக் கேட்காது, பொழுதைத் தின்னும். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்க வேண்டும்; ஒரு வரி நிரம்பினால் அது மறையும், அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும்.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சி பஜித்னோவ் இதை உருவாக்கினார். அவரிடம் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைய வசதியே கிடையாது. சதுர அடைப்புக்குறிகளைக் கட்டைகளாக அடுக்கினார். அப்போதே அது ஆளை இழுத்தது என்றால், இழுப்பது வண்ணமோ இசையோ அல்ல, உள்ளே இருக்கும் கணக்கு.

களம் 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம். ஏழு வகைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் 4 கட்டம். ஒரு வரி நிரம்ப 10 கட்டம் வேண்டும், ஆனால் 10 நாலால் வகுபடாது. அதனால் ஒரே ஒரு வரியை முடித்துக் களத்தைக் காலியாக்கவே முடியாது. ஏதாவது ஒரு துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ‘வேலை முடிந்தது’ என்று எழுந்து போக இடமே கொடுக்காத அமைப்பு இது. போதாததற்கு, சரியாக வைத்தவை மறைந்துவிடும், தப்பாக வைத்தவை மட்டும் கண்முன் நிற்கும். மீன்பெட்டி அடுக்கும்போது அடியில் விட்ட சந்து மாதிரிதான்: மேலே இருப்பதை இறக்காமல் அதை அடைக்க முடியாது.

அடுத்தது பேராசை. பழைய நிண்டெண்டோ பதிப்பின் தொடக்க நிலையில் ஒரு வரிக்கு 40 புள்ளி, நான்கு வரியை ஒரே அடியில் முடித்தால் 1200. அந்த நாலும் ஒரே அடியில் மறைய, நான்கு கட்டமும் ஒரே நேர்கோட்டில் உள்ள நீளக்கட்டைதான் வர வேண்டும். அதற்காக ஓரத்தில் ஒரு செங்குத்துப் பத்தியைக் காலியாக விட்டுக் காத்திருப்பார்கள். நீளக்கட்டை வராமல் அடுக்கு ஏறிக்கொண்டே போவதுதான் பல ஆட்டங்கள் சாகும் இடம். இன்றைய பதிப்புகள் பலவற்றில் ஏழு கட்டைகளையும் குலுக்கி, ஒன்று விடாமல் கொடுத்த பிறகே மறுபடி குலுக்குவார்கள். இரண்டு நீளக்கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகளே வரும். இது தெரிந்தவர் பதறுவதில்லை. மூன்று கட்டம் ஆழமான பள்ளம் அந்த ஓரத்தைத் தவிர இன்னொன்று விழாமல் பார்த்துக்கொள்வார், ஏனென்றால் அதையும் ஓட்டை விழாமல் அடைக்க நீளக்கட்டைதான் வேண்டும். இரண்டு கட்டப் பள்ளத்துக்கு ‘எல்’ வடிவமே போதும்.

மூளை என்ன செய்கிறது? டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-ல் ஒன்றைக் காட்டினார்கள். ஆடுபவர்கள் கட்டையை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பதைவிடப் பொத்தானை அழுத்தித் திரையிலேயே திருப்பிப் பார்க்கிறார்கள், அதுதான் வேகம். யோசனையில் பாதி விரலுக்கு இறங்கிவிடுகிறது. ஆட்டத்தை அணைத்துப் படுத்தாலும் கட்டைகள் விழுவது நிற்காது. தூக்கத்தை ஆராயும் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வில், ஆடியதே நினைவில் இல்லாத மறதி நோயாளிகளில் சிலருக்கும் தூக்கம் பிடிக்கும் நேரத்தில் அந்த உருவங்கள் தெரிந்தன.

கேண்டி க்ரஷ் வேறு வழியில் பிடிக்கும்: ஐந்து உயிர், போனதில் ஒன்று திரும்ப 30 நிமிடம். தடுத்து வைத்தே ஏங்க வைக்கும். டெட்ரிஸில் தடுப்பு எதுவும் இல்லை. ஆடியே தீர வேண்டும் என்றால், முடிவில்லாத ஆட்டத்தை விட்டு ‘40 வரி’ ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 40 வரிக்கு 400 கட்டம், அதாவது குறைந்தது 100 கட்டை. நூறாவது கட்டையை ஒட்டி ஆட்டம் தானே முடிந்துவிடும்.