இனாக்குலேஷன்: தடுப்பதா, உரமேற்றுவதா?

மன அழுத்தத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்களுக்கான வகுப்புகளில் ‘ஸ்ட்ரெஸ் இனாக்குலேஷன் ட்ரெய்னிங்’ என்ற தொடர் அடிக்கடி காதில் விழும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் மைக்கன்பாம் 1970களில் வகுத்த முறை இது. எண்ணம், நடத்தை இரண்டையும் சேர்த்தே மாற்ற முயலும் சிகிச்சைகளின் வரிசையில் வருவது. இதைத் தமிழில் ‘அழுத்தத் தடுப்பூசி’ என்று பெயர்த்தால், ஒரு முறை குத்திக்கொண்டால் அப்புறம் அழுத்தமே வராது என்ற நினைப்பு ஒட்டிக்கொள்கிறது. முறை சொல்வது அதுவல்ல.

‘இனாக்குலேஷ’னின் வேரிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘ஓகுலஸ்’ என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அதே சொல். (தேங்காயில் முளை வெளிவரும் இடத்தை நாமும் கண் என்றுதான் சொல்கிறோம்.) ஒரு செடியின் மொட்டை இன்னொன்றின் பட்டைக்குள் செருகி ஒட்டுக்கட்டுவது ‘இனாகுலாரே’. 18ஆம் நூற்றாண்டில் சொல் மருத்துவத்துக்குத் தாவியது. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைத் துளியளவு எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைப்பார்கள்: தமிழில், அம்மை குத்துதல். 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு செய்தது வேறு. ‘வாக்சினேஷன்’ என்ற சொல் அதன் வழி வந்தது. பழைய முறையில் உள்ளே போனது அதே நோய்தான், அளவு மட்டும் குறைவு. காய்ச்சல் வரும், கொப்புளமும் வரும், உடம்பு போராடி மீளும். மைக்கன்பாமின் உவமைக்கு உயிர் இந்த அளவில்தான் இருக்கிறது.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கு இறுக்கிக் கட்டுதல் என்று பொருள். வேரை மட்டும் பார்த்தால் ‘மன இறுக்கம்’ கச்சிதம். ஆனால் ஆட்டிசத்துக்கும் அதே சொல்லை எழுதுகிறார்கள். ‘அழுத்தம்’ என்பதோ, கீழே அழுத்துதல் என்ற வேரிலிருந்து வந்த ‘டிப்ரெஷ’னுக்கே நெருக்கம். அதனால்தானோ என்னவோ, செய்திகளில் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே வருகிறது. டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு, ஸ்ட்ரெஸுக்கு மன அழுத்தம் என்று முதல் வகுப்பிலேயே பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவைப்படுபவர் இந்தப் பயிற்சியில் வந்து உட்கார்ந்திருப்பார். இயற்பியல் பாடநூல்கள் இந்த வகையில் கறாரானவை: விசை சார்ந்தது தகைவு (ஸ்ட்ரெஸ்), அதனால் நேரும் உருமாற்றம் திரிபு (ஸ்ட்ரெய்ன்). பாதிப்புகளை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்ற ஆய்வை 1936இல் வெளியிட்ட மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே, பின்னர் உடலின் எதிர்வினைக்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்தார். அதனால் அதைத் தூண்டுவதற்கு ‘ஸ்ட்ரெஸர்’ என்று தனிச்சொல் தேவைப்பட்டது. அழுத்தக் காரணி என்று சொல்லலாம்.

முறைக்கு மூன்று கட்டங்கள். முதலாவது புரிதல்: எப்போது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன நடந்தது, என்ன செய்தேன் என்று பயிற்சி பெறுபவரே குறித்துவந்து, தன் அழுத்தம் ஓடும் வழியைக் கண்டுகொள்வது. இரண்டாவது திறன் பழகுதல்: மூச்சு, தசைத் தளர்வு, சிக்கல் தீர்த்தல், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சொற்கள், அதாவது தற்பேச்சு. மூன்றாவது, சிறிய அளவிலிருந்து தொடங்கி அழுத்தத்தை நேரில் சந்திப்பது. கற்பனையில், பிறகு நடித்துப் பார்த்து, பிறகு உண்மையான இடத்தில். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். நினைவூட்டும் அமர்வுகளையும் சேர்த்தால் 3 முதல் 12 மாதம் வரை போகும்.

பயிற்றுநர்கள் சறுக்குவது பெரும்பாலும் அளவில். பதற்றத்தை 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொல்லிவிட்டு, 90இல் இருக்கும் சூழலை முதலிலேயே கொடுத்தால் ஆள் தப்பித்து ஓடுவதையே மறுபடி கற்கிறார். 10இல் வைத்துக்கொண்டால் பழகிய திறனைச் சோதிக்கவே இடமில்லை. இன்னொரு பிழை அவசரம். முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து மூச்சுப்பயிற்சியில் இறங்குவார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாதவர், பதற்றம் தலைகாட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்வார்.

தற்பேச்சுக்கு நான்கு தருணங்கள் உண்டு: முன் தயாரிப்பு, எதிர்கொள்ளும் நேரம், திணறும் நேரம், முடிந்த பின். அந்தந்த நேரத்துக்குரிய வாக்கியத்தைப் பயிற்சி பெறுபவரே தன் பேச்சுமொழியில் எழுத வேண்டும். ‘என்னால் இயலும்’ என்று பயிற்றுநர் எழுதிக் கொடுத்த நூல்நடை வாக்கியம் திணறும்போது நாவில் வராது. ‘படபடக்குது, படபடக்கட்டும், முதல் கேள்விக்குப் பதில் சொல்லு’ என்பது வரும். நான்காவது தருணத்தை, அதாவது ‘எது சரியா வந்துச்சு’ என்பதை, பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அளவை எப்போது கூட்டலாம் என்பது அதில்தான் தெரியும்.

இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருந்தால், அவருடைய அழுத்தத்துக்குக் காரணம் சிந்தனைக் கோளாறல்ல. வேலையைக் குறைக்கக் கேட்பதும் சிக்கல் தீர்த்தலில் அடக்கம்.

சரி, தமிழ்ச் சொல்? ‘தடுப்பூட்டல்’ இலக்கணத்தில் சரி, பொருளில் தவறு. அழுத்தத்தை இம்முறை தடுப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் பட்டுத் தேறிய உடம்பை உரமேறியது என்கிறோம். படுவதும் தேறுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே ‘மன உரமேற்றுப் பயிற்சி’. சிறிது சிறிதாக என்ற குறிப்பு அதில் இல்லை என்பது உண்மைதான். ‘படிப்படியான’ என்ற அடையைச் சேர்த்துக்கொண்டால் கலைச்சொல் பட்டியலுக்கும் ஆகும், பயிற்சிக்கு வருபவருக்கும் விளங்கும்.