டெம்ப்ளேட்: துணிக்கே திரும்பி வந்த சொல்

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் துணியை வெட்டுவதற்கு முன் அட்டையை வெட்டுவார்கள். சதுரம், முக்கோணம், சாய்சதுரம் என்று வடிவத்துக்கு ஒன்று. அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு வெட்ட வேண்டும். இந்த அட்டைக்குத்தான் டெம்ப்ளேட் என்று பெயர்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் 'டெம்ப்லெட்'. உத்திரத்துக்கு அடியில் கொடுக்கும் தாங்குகட்டையைக் குறித்தது. தறியில் நெய்யும் துணி அகலம் குறுகிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கருவிக்குப் பிரெஞ்சில் இருந்த பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பார்கள். தகடு என்று பொருள்படும் 'பிளேட்' பின்னால் வாலில் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்.

தமிழில் என்ன சொல்வது? கணினித் தமிழில் 'வார்ப்புரு' நிலைத்துவிட்டது, விக்கிப்பீடியாவிலும் அதுதான். அங்கே சரி. துணியில் எதை வார்க்கிறோம்? 'அச்சு' என்றால் ஒற்றியெடுப்பது நினைவுக்கு வரும். 'மாதிரி' என்றால் கடைக்காரர் காட்டும் துண்டுத்துணியும் மாதிரிதான். என் ஓட்டு 'அளவட்டை'க்கு. இப்போது பலர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வெட்டுகிறார்களே என்றால், பச்சையடித்த பலகையையும் கரும்பலகை என்றுதானே சொல்கிறோம்!

பெயரில் 'அளவு' இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரத்துக்கு பிளாக் என்று பெயர், பல பிளாக்குகள் சேர்ந்ததே போர்வை. 9 அங்குல பிளாக் ஒன்றை 3×3 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 3 அங்குலம். தையலுக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டால் சதுர அளவட்டை 3½. அதே கட்டத்தை மூலைக்கு மூலை வெட்டிய முக்கோணத்துக்கும் 3½ வைத்தால் போச்சு. கூர்மூலையில் தையல் விளிம்பு சாய்வாக நீளும். கால் அங்குலத்தை (2+√2) ஆல் பெருக்கினால் 0.854 வரும், கிட்டத்தட்ட ⅞. ஆக, கட்டத்தின் 3 அங்குலத்தோடு அதைக் கூட்டி, செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 3⅞ இருக்க வேண்டும். 3½ வெட்டி இரண்டு முக்கோணங்களைச் சேர்த்தால், பக்கத்துச் சதுரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் மேல் குறையும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு வரைபடத்தாள் இருக்கிறது. தைத்து முடித்த அளவில் முக்கோணத்தை வரைந்து, மூன்று பக்கமும் வெளியே கால் அங்குலம் தள்ளி இணைகோடு போட்டால் ⅞ தானாக வந்து நிற்கும். மெஷினில் தைப்பவர் வெளிக்கோட்டில் அட்டையை வெட்டுவார். கையால் தைப்பவர் பெரும்பாலும் உள்கோட்டில் வெட்டுவார். துணியில் விழும் பென்சில் கோடே அவருக்குத் தையல் கோடு, விளிம்பைக் கண்ணளவில் விட்டுக்கொள்வார். அப்புறம், இழை ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி. பிளாக்கின் வெளியோரம் நேர் இழையில் விழாவிட்டால் துணி இழுபட்டுக் கோணும்.

அட்டை வழுக்காமலிருக்க அடியில் உப்புத்தாள் ஒட்டுவார்கள். ஆனால் திரும்பத் திரும்பப் பென்சில் உரசி முனை மழுங்கிய அட்டைக்கு வைத்தியம் கிடையாது, புதிதாக வெட்ட வேண்டியதுதான்.