பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்

விழுந்தால் அமுக்கி ஆளைப் போனில் கூப்பிட, மணிக்கட்டிலோ கழுத்திலோ அணியும் கருவிதான் அவசரப் பொத்தான். இடுப்பெலும்பு முறிந்து வரும் பெரியவர்களின் வீட்டாரிடம் "அவசரப் பொத்தான் எதுவும் வாங்கித் தரலையா?" என்று கேட்டால், "இருக்குதுங்க. நனைஞ்சிரும்னு ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போயிட்டாங்க" என்கிறார்கள். இதே பதிலை எத்தனை முறைதான் கேட்பது? வழுக்குவது பொடக்காலி ஈரத்தில். கழற்றி வைப்பதும் அங்கே போகும்போதுதான்.

விழுந்ததைவிட, விழுந்து கிடந்ததே பலரை முடக்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை சிதைந்து, சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கலாம். அதனால் வாங்கும்போதே ஐபி67 தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்த தரம் அது. வெந்நீரும் சோப்பும் அந்தச் சோதனையில் வராது. குளித்ததும் துடைத்துவிடுங்கள், போதும். கழற்ற வேண்டாம்.

அடுத்தது, எல்லோரும் கேட்கும் கேள்வி: "விழுந்தா அதுவே கண்டுபிடிச்சிரும்தானுங்களே?" இந்த நம்பிக்கையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கருவிக்குள் இருக்கும் உணரி, தடாலென்று ஒரு அதிர்வும் அதற்குப் பிறகு அசைவின்மையும் இருந்தால்தான் 'விழுந்துவிட்டார்' என்று முடிவு செய்யும். எண்பது வயதுக்காரர் பல நேரம் அப்படி விழுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஊன்றுவார். பாதம் முன்னால் நழுவும். மெத்தையைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிடுவார். இன்னொருவர் ஆசாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே முழங்கால் மடங்கி இறங்குவார். கருவிக்கு இதெல்லாம் வெறுமனே உட்கார்ந்தது போலத்தான். ஆனால் அவரால் எழ முடியாது. ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 4 முதல் இந்த வசதி உண்டு. பலமாக விழுந்து, சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், 30 நொடி எண்ணிவிட்டு அவசர எண்ணை அழைக்கும். நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்குப் பழக்க வேண்டியது பொத்தானை அமுக்குவதை.

எங்கே அணிவது என்பதைக் கடைக்காரர் கேட்கவே மாட்டார். பக்கவாதம் வந்து வலது கை பலமிழந்தவருக்கு, பொத்தானை நல்ல கையான இடது மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். அதை எந்தக் கையால் அமுக்குவார்? பலமில்லாத கையில் கட்டுங்கள், அல்லது கழுத்தில் தொங்கவிடுங்கள். கழுத்துக் கயிறு, எங்காவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். பல கருவிகளில் 3 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மூட்டு வீங்கிய விரலால் அது முடிகிறதா என்று அவரையே அமுக்கச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

செல்போன் போதாதா என்றால், போதாது. சேலைக்குப் பாக்கெட் கிடையாது, போன் கட்டில்மேல் கிடக்கும்.

தோட்டத்துச் சாளைகளில் சிக்கல் வேறு. பல கருவிகளில் பொத்தானின் சிக்னலை வாங்கிப் போன் போடுவது வீட்டுக்குள் வைக்கும் பேஸ் பெட்டி. அதற்கு எட்டும் தூரம் என்று அட்டையில் அச்சடித்த 100 மீட்டர், 300 மீட்டரெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூமிலிருந்தும், கட்டுத்தரையிலிருந்தும், கிணற்றடியிலிருந்தும் அமுக்கிப் பாருங்கள். 2ஜியில் மட்டும் ஓடும் கருவிக்கு ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி இல்லை. உங்கள் தோட்டத்தில் எந்த சிக்னல் நிற்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற 4ஜி கருவியை எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தும் கரண்ட் பொழுதோடதான் வரும். பேஸ் பெட்டியின் பேட்டரி ஒரு முழு நாளாவது தாங்க வேண்டும். வாட்ச் என்றால் சார்ஜ் போடுவது டிவி பார்க்கும் நேரத்தில், ராத்திரியில் அல்ல.

பெரும்பாலான கருவிகள் 108-ஐ அழைப்பதில்லை. நீங்கள் பதிந்த எண்களை வரிசையாக அழைக்கும். முதல் எண்ணாக பெங்களூர் மகனைப் போடாதீர்கள். பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் போடுங்கள். ஒரு சாவியும் அவர் வீட்டில் இருக்கட்டும். உள்தாழ்ப்பாள் போட்டுப் படுக்கும் வீட்டில் சாவியால் பயனில்லை, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டாக மாற்றுங்கள். பதிந்த எண்களில் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடுங்கள். அது எடுத்தால் ஆளே பேசிவிட்டதாக நினைத்துச் சில கருவிகள் அடுத்த எண்ணுக்குப் போகாது. மெயின் ரோட்டிலிருந்து எந்த இட்டேரி, வாய்க்காலின் எந்தப் பாலம் என்று 108-க்குச் சொல்ல வேண்டிய வழியை இரண்டே வரியில் எழுதி அவரிடமும் கொடுங்கள். கால் ஒரு பக்கம் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

சிம் ரீசார்ஜ் முடிந்துபோன கருவிகள் எத்தனையோ வீடுகளில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்கின்றன. அமாவாசைக்கு அமாவாசை ஒரு தடவை அமுக்கி, போன் வருகிறதா என்று பாருங்கள்.

தயவுசெய்து இன்னொன்று. அப்பாருவோ அம்மிச்சியோ தெரியாமல் அமுக்கி, நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கியவர், நிஜமாகவே விழுந்து கிடக்கும்போது "பசங்களுக்கு எதுக்குத் தொந்தரவு, வெடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்று கையை எடுத்துவிடுவார்.