டிரக் எஞ்சினுக்குள் விழும் பொறி: கூடுதல் செலவுக்குக் கூடுதல் பலன் உண்டா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் உதிரிபாகக் கடைக்குப் போனால், எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் பொருட்களுக்கென்றே தனி அலமாரி ஒன்று இருக்கும். 45,000 வோல்ட் காயில், எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சிவப்பு வயர்கள், இரட்டை நாக்கு வைத்த ஸ்பார்க் பிளக், ஒரே சுற்றில் பல பொறிகளைத் தெறிக்க விடும் மின்னணுப் பெட்டி என வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். குதிரைத்திறன் கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்ற வாசகங்களும் கூடவே இருக்கும். இருநூறு, முந்நூறு டாலர் கொடுத்து இவற்றை வாங்கிப் பொருத்தினால் உண்மையில் என்ன கிடைக்கும் என்பதை, சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நம் ஊர் லாரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்வதால் அவற்றில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஷெவர்லே சி-10, ஃபோர்டு எஃப்-150 போன்ற அமெரிக்கப் பிக்கப்புகளோ பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினில் ஓடுபவை. ஆகவே இந்தக் கேள்வி பிறந்த இடமும் அதுதான்.

சமையலறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை எண்ணிப் பாருங்கள். ஒரே சொடுக்கில் அடுப்பு பற்றிக்கொண்டால், மேலும் நான்கு முறை சொடுக்குவதால் சுடர் பெரிதாவதில்லை. சுடரின் அளவைத் தீர்மானிப்பது வாயுவும் காற்றும். பொறியின் வேலை தொடங்கிவைப்பதோடு முடிந்துவிடுகிறது. தமிழில் 'பொறி' என்ற ஒரே சொல் தீப்பொறிக்கும் இயந்திரத்துக்கும் வழங்குவதால், இந்த எஞ்சினைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒன்றோ என்று மயங்கத் தோன்றும். ஆனால் எஞ்சினின் பலம் எரிபொருளில் இருந்து வருகிறது. பிளக்கின் முனையில் தெறிக்கும் பொறி அந்தப் பலத்தில் சேர்த்தியே இல்லை.

அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சரியான விகிதத்தில் கலந்து அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ள, ஒரு மில்லிஜூலில் கால் பங்கு அளவு ஆற்றல் போதும். ஓடும் எஞ்சினுக்குள் கலவை சுழன்றடிக்கிறது, முந்தைய சுற்றின் புகை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பிளக்கின் உலோகமும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் 30 முதல் 100 மில்லிஜூல் வரை, அதாவது நூறு மடங்குக்கும் மேலான ஆற்றலைத் தரும் அமைப்பைப் பொருத்துகிறார்கள். சூடேறி நல்ல நிலையில் ஓடும் எஞ்சினில், உள்ளே வந்த பெட்ரோலில் ஏறத்தாழ 95 முதல் 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. எரியாத மிச்சத்தில் பெரும்பகுதி, பிஸ்டன் வளையங்களுக்கு மேலுள்ள குறுகிய இடுக்கிலும் குளிர்ந்த சிலிண்டர் சுவரை ஒட்டியும் ஒளிந்திருப்பது. சுடரே நுழைய முடியாத அந்த இடத்தில், பொறி எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து வோல்ட் கணக்கு. விளம்பரங்கள் மக்களை மிகுதியாகக் குழப்புவது இங்கேதான். காயில் என்பது இரண்டு கம்பிச் சுருள்கள் கொண்ட ஒரு மின்மாற்றி. பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. அந்த ஓட்டத்தைத் திடீரென்று துண்டிக்கும்போது காந்தப்புலம் சரிந்து, சுமார் நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் சரசரவென்று ஏறுகிறது. அப்படி ஏறும் அழுத்தம், பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மின்சாரம் தாண்டும் கணத்தில் நின்றுவிடும். எந்த அளவில் தாண்டும் என்பதை முடிவுசெய்வது இடைவெளியின் அகலமும் அங்குள்ள வாயுவின் அடர்த்தியும். 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷென் கண்ட விதி இதுவே. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடில் நிலையில் 10,000 வோல்ட் அளவில் பொறி பாய்ந்துவிட்டால், பெட்டியில் 45,000 என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் காயில் தருவது 10,000 வோல்ட்தான். மிச்சமெல்லாம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளக் கையிருப்பாக இருப்பது.

அந்தக் கையிருப்பு உண்மையிலேயே போதாமல் போன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் அடுத்த அறுபது ஆண்டுகளில் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஓடியது. அதில் மின்னோட்டத்தை இணைப்பதும் துண்டிப்பதும், நம் மெக்கானிக்குகள் சிபி பாயிண்ட் என்று சொல்லும் இரண்டு சிறிய உலோக முனைகள். நான்கு ஆம்பியருக்கு மேல் செலுத்தினால் அவை கருகிவிடும். அந்தக் கட்டுப்பாடே காயிலின் ஆற்றலுக்கும் எல்லையாகிவிட்டது. இன்னொரு சிக்கல் நேரம். 1970-களின் தொடக்கத்தில் வந்த ஒரு சி-10 டிரக்கின் 5.7 லிட்டர் வி-8 எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். எட்டு சிலிண்டர்களுக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் நொடிக்கு 267 பொறிகள் வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 3.75 மில்லிநொடி. இதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம், அதாவது 2.5 மில்லிநொடிதான் பாயிண்ட் மூடியிருக்கும். காயிலுக்குள் மின்னோட்டம் மெல்ல மெல்லத்தான் ஏறும் என்பதால், அந்த நேரத்துக்குள் முழு ஓட்டத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் எட்டும். ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே காயிலில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வேகம் கூடும்போது பொறி மெலிந்து எஞ்சினில் மிஸ்ஸிங் (கலவை பற்றாமல் தவறுவது) தலைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய பழைய டிரக் உங்களிடம் இருந்தால், பாயிண்ட்டை எடுத்துவிட்டு மின்னணு சென்சார் பொருத்துவது கொடுத்த காசுக்குத் தகுந்த மாற்றம் என்று தயங்காமல் சொல்வேன். பாயிண்ட்டின் தேய்மானம் வெறும் சுத்தம் செய்யும் தொல்லையோடு நிற்பதில்லை. சுழலும் தண்டில் உரசி அதைத் திறக்கும் ரப்பிங் பிளாக் தேயத் தேய, பொறி விழும் நேரமான டைமிங்கும் நகர்ந்துகொண்டே போகும். கிரைஸ்லர் 1973-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களிலும் தாங்களாகவே மின்னணு இக்னிஷனுக்கு மாறியதற்கு, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் பராமரிப்பு இல்லாமல் நெடுநாள் நிலைக்கும் டைமிங்கின் தேவையுமே தூண்டுதல். ஒரே சுற்றில் பல பொறிகள் தரும் பெட்டிகளும் கார்புரேட்டர் எஞ்சின்களில், குறிப்பாக வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்டைப் பந்தயத்துக்கானதாக மாற்றி ஐடிலில் தடுமாறும் எஞ்சின்களில், ஓரளவு உதவும். ஆனால் 3,000 சுற்றுகளைத் தாண்டியதும் நேரம் போதாமல் அவையும் ஒற்றைப் பொறிக்கே திரும்பிவிடும்.

இன்றைய எஃப்-150-இன் கதை வேறு. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. அதே 4,000 சுற்றில் ஒரு காயிலுக்கு நொடிக்கு 33 பொறிகள்தான் வேலை. நிரம்புவதற்கு 30 மில்லிநொடி கிடைக்கிறது, தேவையோ சில மில்லிநொடி. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில், ஒரு சிலிண்டர் பற்றாமல் தவறினாலும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் வேகத்தில் ஏற்படும் சிறு தள்ளாட்டத்தை வைத்தே கணினி கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். அந்த விளக்கு எரியவில்லை என்றால் கலவை ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'சூப்பர்' காயில் மாட்டி அதற்குமேல் பெறக்கூடியது ஏதுமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் சேமிப்புக் கருவிகள் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டிய ஒன்றைக்கூடக் காணவில்லை. இரிடியம் பிளக்கின் நன்மை வேறு வகையானது. இரிடியம் 2,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல்தான் உருகும் என்பதால், முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் செய்தாலும் நெடுநாள் தேயாது. மெல்லிய முனையில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். ஆகவே அது வாங்கித் தருவது ஆயுள். புதிய நிக்கல் பிளக்கோடு ஒப்பிட்டுக் குதிரைத்திறனை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

பொறியின் வலுவைவிடப் பல மடங்கு பெரிய விஷயம், அது விழும் நேரம். சுடர் பரவி அழுத்தம் உச்சத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்டின் சுழற்சிக் கணக்கில் சுமார் 15 டிகிரி இறங்கியபோது அந்த உச்சம் வாய்த்தால்தான் உந்துதல் முழுமையாகக் கிடைக்கும். முழு வேகத்தில் ஒரு பழைய வி-8 எஞ்சினுக்குப் பொறி 30 முதல் 36 டிகிரி முன்னதாக விழ வேண்டும். நெடுஞ்சாலையில் மிதமாக மிதித்து ஓடும்போது, சிலிண்டரில் கலவை அடர்த்தி குறைந்து மெதுவாக எரிவதால், 45 டிகிரிக்கும் மேல் முந்த வேண்டியிருக்கும். இந்தக் கூடுதல் முந்தலைத் தருவது பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள வாக்குவம் அட்வான்ஸ் என்ற சிறு தகரக் குமிழ். அதற்குள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்துபோயிருந்தாலும் வண்டி ஓடத்தான் செய்யும், பெட்ரோல் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சோதிப்பதும் எளிது: எஞ்சினை அணைத்து, குமிழின் ரப்பர்க் குழாயை மறுமுனையில் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டே இருந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது. காற்று கசிந்து பிடி தளர்ந்தால், விலையுயர்ந்த காயிலுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியை இந்தக் குமிழுக்குச் செலவழிப்பது நல்லது.

இன்னொரு சோதனையை இருட்டிய பிறகு செய்யலாம். பானெட்டைத் திறந்து, விளக்குகளை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய வயர்களின் மேல் நீல நிறத்தில் மெல்லிய மினுமினுப்பு ஓடினால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிகிறது. பகலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு கரிக்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருப்பதையும் காணலாம். "புது இக்னிஷன் போட்டேன், வண்டி பறக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தேய்ந்த பிளக்கையும் கசிந்த வயரையும் சேர்த்தே மாற்றியிருப்பார்கள். அதே பலனை நிறுவனத்தின் சாதாரணப் பாகங்களும் தந்திருக்கும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டர்போ பொருத்திய எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டி டியூன் செய்தால் வாயுவின் அடர்த்தி ஏறி, பொறி பாயத் தேவையான வோல்ட்டும் ஏறும். வேகமெடுக்கும்போது எஞ்சின் திடீரென்று இருமத் தொடங்கும். அப்போது வலுவான காயில் தேவைப்படலாம். ஆயினும் பிளக்கின் இடைவெளியை 0.9 மில்லிமீட்டரிலிருந்து 0.7 அளவுக்குக் குறைத்துப் பார்ப்பதே பெரும்பாலும் முதல் வைத்தியம். அதற்குச் செலவு, இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும். சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளுக்கும் இதே நிலைதான். இயற்கை வாயு பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட்டைக் கேட்கும், பிளக்கையும் விரைவில் தேய்க்கும். நம் சாலைகளில் ஓடும் சிஎன்ஜி லாரிகளில் ஸ்பார்க் பிளக் இருப்பதால், டீசல் லாரி ஓட்டிப் பழகியவர்கள் பிளக்கின் இடைவெளியை அளந்து பார்க்கும் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.